கடைக்கும் நடைபாதைக்கும் நடுவே

லாஸ் ஏஞ்சலஸிலும் ஒரு வால் தெரு உண்டு. நியூயார்க்கின் வால் தெருவைப் போல ஊரறிந்த தெரு அல்ல அது. நகர மையத்தில், ஏழாவது தெருவுக்கும் எட்டாவது தெருவுக்கும் இடைப்பட்ட அதன் ஒரு துண்டில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கெல்லாம் விளக்கெரியும். லாரிகள் பின்பக்கமாக வந்து நிற்கும். ஈர அட்டைப்பெட்டியின் வாடையும் யூகலிப்டஸ் தழையின் வாசனையும் சேர்ந்தடிக்கும். முதலில் வியாபாரிகள் உள்ளே போவார்கள். பொழுது விடிந்த பிறகு ஒன்றிரண்டு டாலர் வாங்கிக்கொண்டு மற்றவர்களை விடுவார்கள். நண்பகலுக்கு வாளிகளைக் கவிழ்த்துவிட்டுத் தரையைக் கழுவத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தக் கழுவுகிற நேரத்தில் மிச்சமிருக்கும் பூவைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன்.

கல்யாண அலங்காரம் செய்கிறவர்களுக்கு மொட்டு வேண்டும். சனிக்கிழமை மண்டபத்தில் விரிய வேண்டிய ரோஜாவை அவர்கள் வியாழக்கிழமையே வாங்கிப் போகிறார்கள். ஏற்கெனவே விரிந்துவிட்ட ரோஜாவை அவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. மொத்தக் கடைக்காரருக்கு அது பாரம். நாளைக்குக் குப்பைத் தொட்டிக்குப் போகிற சரக்கு. ஆனால் இன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் மனைவிக்கு ஒரு கொத்து வாங்குகிற மனிதருக்கு விரிந்த ரோஜாதான் அழகு. நெடுஞ்சாலையிலிருந்து வண்டிகள் இறங்கி வருகிற முனையிலும் கல்லறைத் தோட்ட வாசலிலும் வாளியோடு நிற்கிற பெண்களிடமிருந்துதான் அவர் வாங்குகிறார். சந்தையின் பாதி சந்தைக்கு வெளியே, வெயிலில் நிற்கிறது. அந்தப் பாதி இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற பாதியின் கணக்கு நேராகாது. இதை வால் தெருவில் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

எனக்குப் பழக்கமான ஒரு கடை மேப்பிள் அவென்யூ பக்கம் இருக்கிறது. மத்திய மெக்சிகோவில் பூ விளைகிற ஊர் ஒன்றிலிருந்து வந்த குடும்பம். அக்காவும் அவர் கணவரும் கடையை நடத்துகிறார்கள். தங்கை தெருவில் விற்கிறார். அவர்களுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. இன்றைய நிலையில் எழுதவும் கூடாது.

நண்பகலில் தங்கை கடைக்கு வருவார். அக்கா ஒதுக்கிவைத்த ரோஜாக் கட்டுகளை மேசைமேல் பரப்பிக்கொள்வார். பழைய துணியை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்துத் தண்டை மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்தால் முள்ளும் அடித்தழையும் ஒன்றாக வந்துவிடும். பிறகு பூவின் வெளியிதழ்களில் ஒன்றையோ இரண்டையோ கிள்ளி எடுப்பார். வழியில் அடிபட்டுப் பழுப்பேறிய இதழ்கள் அவை. அவற்றை எடுத்ததும் பூ அன்று காலை பறித்ததுபோல் ஆகிவிடும். எத்தனை இதழைக் கிள்ளலாம், எந்தப் பூவைத் தொட்டால் முழுவதும் உதிரும் என்பதை அவருடைய விரல்கள்தான் முடிவுசெய்கின்றன. காம்பைச் சாய்வாக வெட்டி, பன்னிரண்டு பன்னிரண்டாகச் சேர்த்து, செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் கண்ணாடித்தாள், ஒரு ரிப்பன். வாளியின் அடியில் ஐஸ் துண்டுகள். மூன்று மணிக்கு அவர் தன் முனைக்குப் போய்விட வேண்டும். பணம் அப்போது கைமாறாது. அக்காவின் நோட்டில் ஒரு வரி ஏறும். மறுநாள் நண்பகலில் அடிபடும். தங்கை என்பதால் தருகிற சலுகை இல்லை இது. அந்தக் கடையில் கடன் சொல்லிப் பூ எடுக்கிற தெரு வியாபாரிகள் இன்னும் பலர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் அதே நோட்டுதான், அதே கெடுதான்.

ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் எப்படிக் கடைக்குள் போனார், மற்றவர் ஏன் வெளியிலேயே நிற்கிறார்? உழைப்பில் அக்காவுக்குத் தங்கை ஒரு துளியும் குறைந்தவரல்ல. கைவேலை தன்னைவிடச் சுத்தம் என்று அக்காவே சொல்கிறார். வேறுபாடு ஒரு தேதியில் இருக்கிறது. அதிபர் ரீகன் 1986 நவம்பரில் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், 1982 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அமெரிக்காவில் தொடர்ந்து இருந்தவர்கள் முறைப்படி தங்க வழிசெய்தது. விவசாயக் கூலிகளுக்குத் தனியாக ஒரு வழி வைத்தது. எல்லாமாகச் சேர்த்துச் சுமார் 27 லட்சம் பேருக்குக் காகிதம் கிடைத்தது. அக்காவும் அவர் கணவரும் 1981-ல் வந்தவர்கள். காகிதம் கிடைக்கும்வரை அவர்களும் வாளியோடு தெருவில் நின்றவர்கள்தான். காகிதம் கைக்கு வந்த பிறகு வங்கியில் கணக்கு, கடைக்குக் குத்தகைப் பத்திரம், சரக்கு வேன், வரி எண் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தங்கை தொண்ணூறுகளில் வந்தார். 1986-க்குப் பிறகு அந்த அளவில் ஒரு சட்டம் இன்றுவரை வரவில்லை. அவர் வயது ஏறிக்கொண்டே போகிறது. வாளி அப்படியே இருக்கிறது.

கடை வைத்திருப்பவர் முன்னேறியவர், தெருவில் நிற்பவர் இன்னும் முன்னேறாதவர் என்று பார்க்கிற ஒரு பழக்கம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. குடியேறிகள் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசும்போதும் அது எட்டிப்பார்க்கிறது. இந்த இரண்டு பெண்களையும் பக்கத்தில் பார்த்த பிறகு அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை.

வால் தெருச் சந்தையின் வரலாறும் இதையேதான் வேறு முகங்களோடு சொல்கிறது. அதைத் தொடங்கியவர்கள் ஜப்பானியர்கள். 1909-ஐ ஒட்டி, நகரத்தைச் சுற்றிப் பூ பயிரிட்டுவந்த ஜப்பானியக் குடும்பங்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு சந்தையை ஏற்படுத்திக்கொண்டன. 1920-களில் அது வால் தெருவுக்கு இடம் மாறியது. எதிர்ச்சாரியில் ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகள் தங்கள் சந்தையைக் கட்டினார்கள். ஒரே தெரு, இரண்டு பக்கமும் வந்தேறிகள். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சட்டம் இல்லை. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1913-ல் சட்டம் போட்டது. ஆசியர்கள் என்ற சொல்லை எழுதாமலே ஆசியர்களைக் குறிவைத்த சட்டம் அது. 1920-ல் குத்தகைக்கு எடுப்பதையும் அடைத்தார்கள். அமெரிக்க மண்ணில் பிறந்ததால் குடியுரிமை பெற்ற பிள்ளைகளின் பெயரில், தொட்டிலில் கிடக்கிற குழந்தையின் பெயரில்கூட, நிலத்தை எழுதிவைத்து ஜப்பானியர்கள் பூ வளர்த்தார்கள்.

பிறகு 1942 பிப்ரவரி 19. அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ம் எண் ஆணையின்படி மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கையில் சுமக்க முடிந்ததை மட்டும் எடுத்துப்போகலாம். பூந்தோட்டத்தை எப்படிச் சுமப்பது? கிடைத்த விலைக்கு விற்றார்கள்; விற்க முடியாததை விட்டுவிட்டுப் போனார்கள். லாஸ் ஏஞ்சலஸ் குடும்பங்களில் பலவற்றை முதலில் சாண்டா அனிடா குதிரைப் பந்தயத் திடலில், குதிரைகள் கட்டியிருந்த லாயங்களில் தங்கவைத்தார்கள். அங்கிருந்து மன்ஸனார் போன்ற பாலைவன முகாம்களுக்கு.

மன்ஸனாரில் அடைபட்டிருந்தவர்களில் குயிச்சிரோ நிஷி என்ற ரோஜாத் தோட்டக்காரரும் ஒருவர். முள்வேலிக்குள் அவர் சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கம் தானாக வளர்ந்து நின்ற காட்டு ரோஜாவை வேர்ச்செடியாக எடுத்து, அதன்மேல் நல்ல ரோஜாவின் மொட்டை வைத்துக் கட்டி வளர்த்தார். குளமும் பாறையும் ரோஜாவுமாக முகாமுக்குள் ஒரு பூங்கா உருவானது. காலப்போக்கில் மண் மூடிப்போன அதை, பிற்காலத்தில் வரலாற்றுத் தலமாகிவிட்ட அந்த முகாமின் ஆய்வாளர்கள் தோண்டியெடுத்தார்கள். அந்த மனிதர் யாருக்காக அதை நட்டார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். விற்க முடியாத இடம் அது, வாங்க ஆளில்லாத இடம். சுற்றிலும் துப்பாக்கிக் கோபுரங்கள். இருந்தும் அவருக்குத் தெரிந்த வேலை அது. அதை யாராலும் பறிமுதல் செய்ய முடியவில்லை. ஜப்பானியக் குடியேறிகள் குடியுரிமை பெறும் வழி 1952-ல்தான் திறந்தது. அயலார் நிலச் சட்டம் செல்லாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே ஆண்டில்தான். அதற்குள் 1909-ல் சந்தையைத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் மண்ணுக்குள் போயிருப்பார்கள்!

சான் பிரான்சிஸ்கோவின் கதை கொஞ்சம் ஆறுதல் தருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த நகரத்தின் மார்க்கெட் தெருவில் பூ விற்றவர்கள் ஏழைச் சிறுவர்கள். இத்தாலி, அயர்லாந்து, பெல்ஜியம், ஆர்மீனியா என்று பல நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். போலீஸ் அவர்களை விரட்டியது. பத்திரிகை முதலாளி மைக்கேல் டி யங் தன் கட்டடத்தின் முன்னால் நின்று விற்கட்டும் என்று இடம்கொடுத்தார். 1904-ல் நகரம் அவர்களுக்கு உரிமம் கொடுத்தது. அதற்குப் பிறகு தெருப்பூக்கடை அந்த நகரத்தின் அடையாளமாகவே ஆகி, அஞ்சலட்டைகளில் ஏறிவிட்டது. நகரம் உருப்படாமல் போய்விடவில்லை. நடைபாதையில் நடக்க இடமில்லாமலும் போகவில்லை. அதே மாநிலத்தில், தெற்கே சில மணி நேரப் பயணத்தில் இருக்கிற லாஸ் ஏஞ்சலஸ், அதன்பின் நூறாண்டுக்கு மேல் கடந்தும் தெரு வியாபாரத்தைக் குற்றமாகவே வைத்திருந்தது.

குற்றம் என்றால் உண்மையிலேயே குற்றம். ஆயிரம் டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமுள்ள வழக்கு. தங்கையின் வாளிகளை இரண்டாயிரங்களில் பலமுறை எடுத்துப் போயிருக்கிறார்கள். பூச்சரக்கல்லவா, வழக்கு முடிந்து திரும்பிவர அது சட்டையோ செருப்போ இல்லை. எடுத்த நிமிடத்திலேயே நஷ்டம் முழுமையாகிவிடும். அக்காவின் நோட்டில் மட்டும் அந்த வரி அடிபடாமல் நிற்கும். பூக்காரருக்கு மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா கொடுத்த மரியாதையை இந்த மாநிலம் அறியாதது அல்ல. பெரிய பூக்கூடையின் பாரத்தில் ஒரு மனிதர் தரையில் கையும் முழங்காலும் ஊன்றிக் கிடக்க, பின்னால் நின்று ஒரு பெண் கூடையைத் தாங்குகிற 1935-ம் ஆண்டு ஓவியம் சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஓவியத்தில் அந்த உடலைக் கண்டு உருகுகிற கண்ணுக்கு, வெளியே வந்ததும் முனையில் நிற்கிற பெண் தெரியாமல் போவது எனக்கு வலிக்கிறது.

2017 ஜனவரி 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம் தெரு வியாபாரத்தைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்க வாக்களித்தது. வாளியோடு நின்றதற்காகப் போடுகிற வழக்கே நாடுகடத்தலுக்குக் காரணமாகிவிடும் என்ற அச்சம் அப்போது பெரிதாக இருந்தது. தெரு வியாபாரிகளும் அவர்களுடைய அமைப்புகளும் பல ஆண்டுகள் மன்றத்தின் படியேறி வாதாடியதன் பலன் அது. மறு ஆண்டு மாநிலமே சட்டம் இயற்றியது. மாநிலச் செனட்டர் ரிக்கார்டோ லாரா கொண்டுவந்த மசோதாவில் ஆளுநர் ஜெரி பிரவுன் 2018 செப்டம்பரில் கையெழுத்திட்டார். 2019 ஜனவரி முதல் கலிபோர்னியாவின் எந்த நகரமும் நடைபாதை வியாபாரத்தைக் குற்றவழக்காக்க முடியாது. 2020-ல் உரிமம் வந்தது. ஆண்டுக் கட்டணத்தை 541 டாலர் என்று வைத்தார்கள். ஒரு கொத்தைப் பத்துப் பதினைந்து டாலருக்கு விற்று, அதில் பூ, தாள், ரிப்பன், ஐஸ், போக்குவரத்து போக மிஞ்சுவதை எண்ணிப் பார்க்கிறவருக்கு அது கட்டணமே அல்ல, தடுப்புச் சுவர். 2024-ல் அதை 27 டாலர் 51 சென்டாகக் குறைத்தார்கள். சுவரை இடிக்க நாலு ஆண்டு ஆயிற்று.

இடையில் பூவும் மாறிப்போனது. 1991-ல் அமெரிக்கா ஆண்டிஸ் நாடுகளின் பூக்களுக்குச் சுங்கவரியை நீக்கியது. கோகெய்ன் எடுக்கிற கோக்கா பயிருக்கு மாற்றாக வேறு பிழைப்பு வேண்டும் என்பது காரணம். இன்று அமெரிக்காவில் விற்கிற கொய்மலர்களில் பெரும்பகுதி கொலம்பியாவிலிருந்தும் எக்குவடாரிலிருந்தும் விமானத்தில் மயாமிக்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் போகிறது. கலிபோர்னியாவின் ரோஜாத் தோட்டங்கள் ஒன்றொன்றாக மூடின. கார்ப்பின்டீரியா என்ற ஊர்ப் பக்கம் பூ வளர்த்த கண்ணாடிக் குடில்கள் பலவற்றில் இப்போது கஞ்சா வளர்கிறது. ஆனால் அந்த மலிவு ரோஜாதான் தங்கையின் வாளியை நிரப்புகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கொலம்பியாவின் போகோட்டா மேட்டுநிலத்தில் ஒரு பெண் வெட்டிய பூவை இங்கே இன்னொரு பெண் முள் நீக்கி விற்கிறார். இடையில் அதைக் கைமாற்றியவர்கள் எல்லாருக்கும் உரிமம் இருக்கிறது.

2025 ஜூன் 6 அன்று குடியேற்ற அதிகாரிகள் நகர மையத்தின் ஆடைச் சந்தைப் பகுதியில் இறங்கினார்கள். வால் தெருவிலிருந்து எட்டிப்பார்க்கிற தூரம். அந்த வாரத்திலேயே கார் கழுவுமிடங்களிலும் கூலியாட்கள் காத்து நிற்கிற கடைவாசல்களிலும் ஆள்பிடிப்பு நடந்தது. முனைகள் வெறிச்சோடின. தங்கை வீட்டைவிட்டு வரவில்லை. கடையில் நண்பகல் வியாபாரம் அப்படியே நின்றுபோயிற்று. விரிந்த ரோஜாக்களை அக்கா பெருக்கித் தள்ளியதை நான் பார்த்தேன். தெருவில் நிற்பவர் கடைக்காரருக்குப் போட்டி என்று சொல்கிறவர்கள் அந்த வாரம் வால் தெருவுக்கு வந்திருக்க வேண்டும்.

அந்த நாட்களில் இந்த நகரத்து மக்கள் செய்த ஒரு காரியத்தை நான் மறக்க மாட்டேன். அக்கம்பக்கத்துக் குழுக்கள் பணம் திரட்டின. தெருவில் நிற்கிற வியாபாரியிடம் போய், இன்றைக்கு உங்களிடம் இருப்பது முழுவதையும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், நீங்கள் பத்திரமாக வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். பழம், தமாலே என்ற மெக்சிகோப் பலகாரம், பூ எல்லாம் அப்படி மொத்தமாக வாங்கப்பட்டன. கடைக்கு வந்து நோட்டில் நிற்கிற கடனை அடைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. தங்கைக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. விற்காத பூவுக்குப் பணம் வாங்க அவர் கை நீளவில்லை. கடைசியில் வீட்டில் இருந்தபடியே கொத்துக் கட்டி அனுப்பினார். பக்கத்துவீட்டுப் பிள்ளைகள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உதவிக்கும் வியாபாரத்துக்கும் நடுவே அவர் அப்படி ஒரு கோடு போட்டதில் எனக்குப் பெரிய மரியாதை. ஒருநாள் மொத்தமாக வாங்குவது நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கேட்பது வாரம் தவறாமல் வந்து ஒரு கொத்து வாங்குகிறவர்களை. விலை குறைக்கச் சொல்லாதவர்களை.

இங்கே வாழ்கிற தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தச் சந்தைக்கும் பழைய உறவு உண்டு. அது பூ வழியாக வந்த உறவு. நாம் கோவில் மாலையில் கட்டுகிற செண்டுமல்லி மெக்சிகோவின் மண்ணில் பிறந்த செடி. சத்தியமங்கலம் வயல்களில் ஏக்கர் ஏக்கராக நிற்கிற நிலச்சம்பங்கியும் அங்கிருந்து வந்ததுதான். இரண்டும் கப்பலேறி வந்து, நம் சாமிக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் உரியவையாகி, வந்த இடம் மறந்துபோகிற அளவுக்கு நம்முடையவையாகிவிட்டன. எந்த ஊர் என்று அந்தச் செடிகளை யாரும் கேட்டதில்லை. மெக்சிகோக்காரர்கள் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்துபோனவர்களை வீட்டுக்கு அழைக்கிறார்கள். படத்தின் முன்னால் செண்டுமல்லியைக் குவித்து, வாசலிலிருந்து இதழைத் தூவி வழிகாட்டுகிறார்கள். 2024-ல் தீபாவளி அக்டோபர் 31. அந்த வாரம் அக்காவின் கடையில் செண்டுமல்லிக் கட்டுக்கு ஒரு பக்கம் எங்கள் ஆட்களும் மறுபக்கம் அவர்களுடைய ஆட்களும் வரிசையில் நின்றார்கள். எங்களுக்குக் காம்பில்லாத பூ வேண்டும், சரம் கோர்க்க. அவர்களுக்குக் காம்போடு வேண்டும், சாடியில் நிறுத்த. அக்கா இரண்டையும் தனித்தனி வாளியில் எடுத்துவைத்திருந்தார். நம்மவர்கள் சிலர் அங்கேயும் பேரம் பேசினார்கள். ஐம்பது சென்ட் குறைக்கக் கேட்பதற்கு முன்னால், அந்த ஐம்பது சென்ட் யார் பங்கிலிருந்து போகும் என்று ஒரு கணம் நினைக்கலாம்.

2025 அக்டோபரில் கலிபோர்னியாவில் தெரு வியாபாரிகளுக்கான இன்னொரு சட்டம் கையெழுத்தானது. தெரு வியாபாரி உரிமம் கேட்டு வந்தால் அவருடைய குடியேற்ற நிலையை உள்ளூர் நிர்வாகம் விசாரிக்கக் கூடாது. அவருடைய விவரங்களை நீதிமன்ற ஆணையில்லாமல் குடியேற்ற அமலாக்கத்துக்குக் கொடுக்கவும் கூடாது. அந்தச் செய்தியோடு உரிம விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு நான் கடைக்குப் போனேன். முள் உருவிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டுத் தங்கை ஒவ்வொரு கட்டமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பெயர். முகவரி. என்ன விற்கிறீர்கள். எங்கே நிற்பீர்கள். அந்தக் கடைசிக் கேள்வியில் அவர் என்னை நிறுத்தினார். எங்கே நிற்பேன் என்று நானே எழுதிக் கொடுப்பதா என்றார்.

அக்கா கல்லாவிலிருந்து பேசினார். 1987-ல் எங்கள் விண்ணப்பத்தைக் கொடுக்கப் போனபோது எனக்கும் இதே பயம்தான், எங்களைப் பிடிக்க வைத்த பொறி என்று ஊரே சொல்லிற்று, நானும் அவரும் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தோம், அப்புறம்தான் கொடுத்தோம், கொடுத்ததால்தான் இந்தக் கடை, நீயும் கையெழுத்துப் போடு என்றார்.

தங்கை ஒரு கட்டை முடித்து ரிப்பனைச் சுற்றினார். அக்கா, அது நீ இங்கே இருப்பதற்கான காகிதம். இது நான் விற்பதற்கான காகிதம் மட்டும்தானே என்றார். அக்காவிடம் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

விண்ணப்பம் இன்னும் அந்த மேசை இழுப்பறையில் இருக்கிறது. மெக்சிகோக்காரர்களுக்கு அன்னையர் தினம் எந்தக் கிழமையில் வந்தாலும் மே 10-தான். ஆண்டின் பெரிய வியாபாரம் அது. அதற்குள் முடிவுசெய்வதாகத் தங்கை சொல்லியிருக்கிறார். நூறு ரோஜாக் கொத்துகளுக்கு இப்போதே ஆர்டர் வாங்கத் தொடங்கிவிட்டார். முன்பணம் கொடுத்தவர்களின் பெயர்களை அக்காவின் நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கிறார்கள்.